ரத்தத்தில் வந்ததா, போர்வெல் தண்ணீரில் வந்ததா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் என்னிடம் கேட்ட கேள்விகள்

பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிப் பதிவேட்டோடு ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் ஊசி, மாத்திரை பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "எங்க வம்சத்துக்கே இப்படித்தானா நர்சம்மா?" பல்லில் காவி, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளை, தங்காத கரு, நாற்பது வயதில் மடங்காத முட்டி என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கேள்விதான். திரும்பத் திரும்பக் கேட்டதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்க மாமியார் வீட்ல எல்லாருக்கும் பல் காவியா இருக்கு. என் பிள்ளைக்கும் வந்துடுமா? இது பரம்பரையா?

பரம்பரை இல்லை. தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

அந்த வீட்டுப் பாட்டி மேட்டூர் பக்கம் பிறந்தவர். காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்து, பதினெட்டு வயதில் இங்கே வாழ வந்தார். அவருக்கு இன்றைக்கும் பல் வெள்ளைதான். ஆனால் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப வராது, உடம்போடு சேர்ந்து திரும்புவார். இங்கே பிறந்த அவருடைய மகன்கள் இருவருக்கும் முன்பல்லில் குறுக்கே பழுப்புப் பட்டை. மகளுக்கும் அதே கறை. அந்த மகளை எடப்பாடியில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்த அவள் பிள்ளைகளுக்கு ஒரு புள்ளி கறை கிடையாது. இங்கேயே பிறந்த மூத்த பேரனுக்கு மட்டும் கறை இருக்கிறது. ரத்தத்தில் வருவதாக இருந்தால் எடப்பாடிப் பிள்ளைகளுக்கும் வந்திருக்க வேண்டும், இல்லையா?

நிலைத்த பல்லின் மேற்பூச்சு, பல் முளைக்கும் முன்பே ஈறுக்குள் உருவாகிவிடுகிறது. பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை அந்த வேலை நடக்கும். அந்தக் காலத்தில் குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்தால் பூச்சு கெட்டுக் கறை படியும். எட்டு வயது தாண்டி வந்தவருக்குப் பல்லில் தெரியாது. பல வருடங்கள் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். பாட்டிக்கு நடந்தது அதுதான்.

நம் மண்ணுக்கு அடியில் இருக்கும் கருங்கல் பாறையிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் கரைகிறது. போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த நோயும் இல்லை. 1937-லேயே அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கம் இந்த எலும்பு நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள்.

அப்போ வயித்துல இருக்கற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா?

ஃப்ளோரைடு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். அதனால் கர்ப்பிணிக்கு நல்ல தண்ணீர் கட்டாயம். 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீர் குடிக்கும் இடங்களில் பிள்ளைகளின் அறிவுத்திறன் சற்றுக் குறைகிறது என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்து 2024-இல் சொன்னது. தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிக மிகக் குறைவு. பவுடர் பாலைப் போர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால்தான் கைக்குழந்தைக்கு அத்தனையும் நேராகப் போகும்.

ரத்தத்துல வர்றதும் வயித்துல வர்றதும் வேற வேறயா?

வேறு வேறு. ஒரு வீட்டில் ஒரே நோய் தலைமுறை தலைமுறையாக வர நான்கு வழி இருக்கிறது. ஒன்று, மரபணுவிலேயே பிழை இருந்து அது பிள்ளைக்குப் போவது. இரண்டாவது, அம்மா கர்ப்பமாக இருக்கும்போது அவள் உடம்பில் சேர்ந்த ரசாயனம் கருவைத் தொடுவது. மூன்றாவது, மரபணு அப்படியே இருக்க, அது வேலை செய்யும் விதம் மாறி, அந்த மாற்றம் கருமுட்டை, விந்தணு வழியாகப் போவது. நான்காவது, தாத்தா குடித்த அதே போர், அப்பா அடித்த அதே மருந்து, மகனுக்கும் தொடர்வது. நம் பக்கம் நான் அதிகம் பார்ப்பது நான்காவது. ஜனங்கள் பயப்படுவது முதலாவதுக்கு.

இரண்டாவது வழியைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பெண் குழந்தை, அம்மா வயிற்றில் ஐந்தாம் மாதம் இருக்கும்போதே அவளுடைய சினைப்பையில் 60, 70 லட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10, 20 லட்சமாகக் குறையும். அதற்கப்புறம் புதிதாக உருவாவதில்லை. நீங்கள் எந்த முட்டையிலிருந்து வந்தீர்களோ, அது உங்கள் அம்மா உங்கள் பாட்டி வயிற்றில் இருந்தபோதே உருவானது. உங்கள் பாட்டி மருந்தடித்த தக்காளித் தோட்டத்தில் ஐந்து மாத வயிற்றோடு களையெடுத்தபோது, உங்களில் பாதி அங்கேதான் இருந்தது. பாட்டி, அம்மா, நீங்கள் மூன்று பேருமே நேரடியாக அந்த மருந்தின் வாடையில் இருந்தவர்கள். உங்கள் மகள்தான் அதைத் தொடாத முதல் ஆள். அவளுக்கும் மாற்றம் தெரிந்தால்தான் அதைத் தலைமுறை தாண்டிய விளைவு என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வார்கள்.

மரபணு மாறாம எப்படிங்க வேலை மட்டும் மாறும்?

பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. "கல" என்று எழுதியிருப்பதைக் "கல்" என்றும் படிக்கலாம், "கல" என்றும் படிக்கலாம். எழுத்து அதேதான், மேலே ஒரு புள்ளி இருந்தால் அர்த்தம் வேறு. நம் மரபணுவிலும் இப்படிப் புள்ளிகள் உண்டு. மெத்தில் என்ற சின்ன ரசாயனத் துணுக்கு சில இடங்களில் ஒட்டிக்கொண்டு, இந்த மரபணு பேசட்டும், அது வாயை மூடட்டும் என்று முடிவு செய்கிறது. சாப்பாடு, நோய், ரசாயனம் எல்லாம் இந்தப் புள்ளிகளை மாற்றும்.

கரு உருவானதும் பெரும்பாலான புள்ளிகளை உடம்பே துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கிறது. அந்தக் கருவுக்குள் வருங்கால முட்டையும் விந்தும் உருவாகும்போது இன்னொரு முறை துடைக்கிறது. அதனால் பாட்டி காலத்துப் புள்ளிகளில் மிகப் பெரும்பகுதி பேத்திக்கு வராது. துடைப்பில் தப்பிய ஒன்றிரண்டைத்தான் இன்று உலகம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மனுஷங்ககிட்ட இது நடந்ததுன்னு காட்டியிருக்காங்களா?

அம்மாவிலிருந்து பிள்ளைக்கு என்றால் சந்தேகமே இல்லை.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. 1956-இல் நோய் வெளியே தெரிந்தது. மீன் சாப்பிட்ட அம்மாக்களில் பலருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறந்த பிள்ளைகள் கை கால் இழுத்துக்கொண்டு, பேச்சு வராமல் இருந்தார்கள். நஞ்சுக்கொடி விஷத்தை வடிகட்டிவிடும் என்றுதான் அதுவரை மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சின்னப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது வழக்கம். நாம் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கட்டுகிறோமே, அது மாதிரிதான். வருடங்கள் கழித்து மசாசுமி ஹராடா என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் அந்தக் கொடிகளை வாங்கிச் சோதித்தார்கள். உள்ளே பாதரசம் இருந்தது. அம்மாவின் உடம்பு வழியாகத்தான் போனது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தாயத்து கட்டிய குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் கரு தங்குவதற்கு என்று டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். 1971-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இளம் பெண்களுக்கு வரவே வராத ஒரு பெண்ணுறுப்புப் புற்றுநோயை எட்டு பேரிடம் பார்த்தார்கள். அதில் ஏழு பேரின் அம்மாக்கள் கர்ப்பத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள்.

பேத்தி வரைக்கும் என்றால் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பற்றிச் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதில் டிடிடி அதிகம் இருந்தவர்களின் மகள்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. 2021-இல் பேத்திகளையும் பார்த்தார்கள். உடல் பருமனும், சிறு வயதிலேயே பூப்பெய்துவதும் கூடுதலாக இருந்தது. ஆனால் முன்னே சொன்ன கணக்குப்படி பேத்தியும் முட்டையாக அங்கே இருந்தவள்தான். நம் நாட்டில் 1953-லிருந்து மலேரியாவுக்காக வீட்டுச் சுவரெல்லாம் டிடிடி அடித்தார்கள். விவசாயத்தில் அதைத் தடை செய்தது 1989-இல்.

கொள்ளுப்பேத்தி வரைக்கும்?

எலியில் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் மைக்கேல் ஸ்கின்னர் குழுவினர் வின்க்ளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லியைச் சினை எலிக்குக் கொடுத்து, நாலாவது தலைமுறை ஆண் எலி வரைக்கும் விந்தணு குறைந்ததைக் காட்டினார்கள். கொடுத்த அளவு மிக அதிகம். வேறு சிலர் செய்தபோது அதே முடிவு வரவில்லை. மனிதர்களில் கொள்ளுப்பேத்தி வரை உறுதியான சான்று இதுவரை இல்லை. இதை நான் மறைக்காமல் சொல்வது, "ஏழு தலைமுறைக்கும் விஷம்" என்று யாராவது பேசினால் நீங்கள் இடிந்துபோய் உட்காரக் கூடாது என்பதற்காக.

குலதெய்வக் குத்தம், சாபம்னு சொல்றாங்களே?

சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், நானும் செய்கிறேன். அதே வாரத்தில் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கும் கொடுங்கள்.

என் வீட்டுக்காரர் மாந்தோப்புக்கு மருந்தடிக்கப் போறாரு. நான் தோட்டத்துப் பக்கமே போறதில்ல. எனக்கு என்ன?

கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூக்க ஆரம்பித்தால் தத்துப்பூச்சிக்கு என்று தொடங்கும் மருந்து, காய் திரளும் வரை ஓயாது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தலைக்கு ஒரு துண்டு, காலில் செருப்புக்கூட இல்லை. டப்பா மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பார். குச்சி கையில் அகப்படவில்லை என்றால் கையை விட்டே கலக்குவார். மரத்தை அண்ணாந்து பார்த்து அடிப்பதால் மருந்து மூடுபனி மாதிரி முகத்தில்தான் இறங்கும். ஸ்பிரேயரின் முனை (நாசில்) அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார். அந்தக் கையோடு பீடி. அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவார். நீங்கள் அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு ஒரே அண்டாவில் ஊறவைப்பீர்கள். தோட்டத்துக்குப் போகாமலே மருந்து உங்களிடம் வந்துவிட்டது.

ஆணின் பங்கை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. ஒரு விந்தணு உருவாகி முடியச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். அந்த நாட்களில் அவர் உடம்பில் என்ன சேர்கிறதோ, அது விந்தைத் தொடும். 1977-இல் கலிஃபோர்னியாவில் நூற்புழுக்கொல்லி தயாரித்த ஓர் ஆலையில், குழந்தை பிறக்கவில்லையே என்று தொழிலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு சோதித்துப் பார்த்ததில், பலருக்கு விந்தணுவே இல்லாமல் போயிருந்தது தெரிந்தது. இன்று நாம் அடிக்கும் மருந்துகள் வேறு. ஆனாலும் குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன்: மூன்று மாதம் அவர் ஸ்பிரேயரைத் தொட வேண்டாம். கூலி போய்விடும் என்பார்கள். வேறு வேலை கிடைக்காது என்றால் கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ், முகமூடியாவது வேண்டும். காற்றுக்கு எதிரில் நின்று அடிக்கக் கூடாது. வேலை முடித்ததும் தோட்டத்திலேயே குளித்து, சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

டப்பாவில் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்னும் நிறைய வீடுகளில் பார்க்கிறேன், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பட்டு வளர்க்கும் வீடுகளில் ஒரு ஜாக்கிரதை உண்டு. "அண்ணா, புழு இலை தின்னுற நேரம், இந்த வாரம் மருந்து அடிக்காதீங்க" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய்க் கெஞ்சுவார்கள். அவரும் கேட்டுக்கொள்வார். காற்றில் வந்த மருந்து மல்பெரி இலையில் படிந்தால் மொத்தப் புழுவும் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் மூன்று மாதக் கர்ப்பிணி இருக்கிறாள் என்று யாரும் போய் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேளுங்கள். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளில் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும்.

குறையோட பிள்ளை பிறந்தா எல்லாரும் மருமகளைத்தான் சொல்றாங்க.

இந்தக் கேள்வி கேட்ட பெண்கள் எல்லாரும் அழுதிருக்கிறார்கள். ஒரு வீட்டில் மூன்றாவது நாளே தாயையும் பிள்ளையையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாதி மரபணு அப்பாவுடையது. மருந்து அப்பாவின் கையில் இருந்து வந்தது. தண்ணீர் அந்த வீட்டுப் போரில் இருந்து வந்தது. அதோடு, நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது சகஜம். இருவரிடமும் ஒரே முன்னோரின் ஒரே பிழை இருந்தால் அது பிள்ளையிடம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மாமன் மகன், அத்தை மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு மரபணு இரட்டையாக அமையும். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் எட்டில் ஒரு பங்கு. எது ரசாயனத்தால், எது சொந்தத்தில் கட்டியதால், எது எந்தக் காரணமும் இல்லாமல் வந்தது என்று ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்துப் பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் எந்தப் பெண்ணின் தலையிலும் அதைக் கட்ட யாருக்கும் உரிமை இல்லை.

பிள்ளைக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் இவற்றைப் பார்க்க அரசின் தொடக்கநிலை இடையீட்டு சேவை மையங்கள் மாவட்ட அளவில் இருக்கின்றன. செலவில்லை. சீக்கிரம் வந்தால் பலன் அதிகம்.

தாய்ப்பால்ல மருந்து வரும்னா நிறுத்திடலாமா?

நிறுத்தாதீர்கள். டிடிடி போன்ற பழைய மருந்துகள் கொழுப்பில் தங்கி, பாலில் கொஞ்சம் வரும் என்பது உண்மைதான். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலே சிறந்தது என்கிறது.

எலும்புல ஈயம் இருக்கும்னு சொல்றாங்களே, அது என்ன?

ஈயம் உடம்பில் புகுந்தால் எலும்பில் போய்ப் பத்து, இருபது வருடம் உட்கார்ந்துகொள்ளும். சிறுமியாக இருந்தபோது பழைய பேட்டரி உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், உதிரும் பெயிண்ட் சுவரோரம் விளையாடியவள், பெரியவளாகிக் கர்ப்பமாகும்போது பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டி உடம்பு எலும்பைக் கரைக்கும். அப்போது ஈயமும் சேர்ந்து வெளியே வரும். சாப்பாட்டில் போதுமான சுண்ணாம்புச்சத்து இருந்தால் இந்தக் கரைப்பு குறையும். வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்று வரம்பு வைத்தது 2016-இல்தான்.

இதற்கு நம் வீட்டிலேயே பதில் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் 10-ஐ ஒட்டித்தான். வயிற்றில் ஃப்ளோரைடு ஏறுவதையும் அது கொஞ்சம் தடுக்கும். களியைக் கேவலமாக நினைத்து மருமகளுக்கு மட்டும் அரிசிச்சோறு போடும் வீடுகளில் இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டு வருகிறேன். அரசு கொடுக்கும் கால்சியம், போலிக் அமில மாத்திரைகளை அலமாரியில் அடுக்கி வைக்காமல் விழுங்குங்கள்.

ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில வர்ற நுரை?

தென்பெண்ணை பெங்களூரு வழியாக வரும்போது சேரும் சாக்கடையும் ஆலைக் கழிவும்தான் அந்த நுரை. பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள்.

தண்ணிய கொதிக்க வச்சா சரியாகிடுமா? எங்க சோதிக்கறது?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். ஆர்.ஓ. வடிகட்டி குறைக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் போர் தண்ணீரைச் சோதிக்கலாம். பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, சில வகை மருந்துகளுக்குக் கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. அது அண்மையில் ஏறியதைத்தான் காட்டும், பாட்டி காலத்தைக் காட்டாது.

ஒகேனக்கல் தண்ணி வந்தப்புறம் ஏதாவது மாறியிருக்கா?

1,928 கோடி ரூபாய்ச் செலவில், ஜப்பான் கடனுதவியோடு, இரண்டு மாவட்டங்களுக்கும் அந்தக் காவேரித் தண்ணீர் 2013-இல் வந்தது. முதலில் சொன்னேனே, அந்தப் பாட்டி வீட்டில் கடைசிப் பேத்திக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் முன்பல் இரண்டு முளைத்திருந்தது. "ஈ காட்டு" என்றேன். அண்ணனுக்கு இருக்கும் பட்டை இவளுக்கு இல்லை.

ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரில் சமைத்துவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் போதும் என்று நினைக்கிறார்கள். சோறு வேகும்போது தண்ணீரோடு ஃப்ளோரைடையும் உறிஞ்சும். டீயிலேயே ஃப்ளோரைடு உண்டு, அதைப் போர் தண்ணீரில் போட்டால் இரண்டும் சேரும். அந்த வீட்டில் ஒகேனக்கல் தண்ணீருக்கு என்று இரண்டு குடத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள். உலை வைக்கவும் குழம்புக்கும் அந்தக் குடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மருமகள் மறந்து மற்றதில் சொம்பை விட்டால், திண்ணையில் இருக்கும் பாட்டி உடம்போடு திரும்பிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.